எஞ்சின் போல்ட் ஓட்டைக்கு என்ன போடுவது?

இரண்டு வருடத்துக்கு முன்பு, சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கிழமை, மாமாவின் 18 அடி பைபர் படகிலிருந்து எஞ்சினைக் கழற்றினோம். 25 குதிரை வலு, ஏறத்தாழ 50 கிலோ. படகு மட்டக்களப்பில் பாலமீன்மடுப் பக்கம் வாவிக்கரையில் தென்னை நிழலில் கிடந்தது. மேல் போல்ட் இரண்டும் சிரமமில்லாமல் வந்தன. கீழே இடப்பக்கத்து நட்டைக் கழற்றி, மரத்துண்டு ஒன்றை வைத்துத் தட்டியதும் போல்ட் நழுவி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. பால் விடாத தேத்தண்ணி நிறம். ஒழுகியது, கொஞ்சம் நின்றது, பிறகு சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு கம்பியின் நுனியை வளைத்து ஓட்டைக்குள் விட்டுச் சுவரைச் சுரண்டினேன். மரத்தூள் வரவில்லை. ஈரமான நார் வந்தது. விரலில் வைத்து நசுக்கினால் கூழானது. வாவியில் ஊறப்போட்ட தேங்காய் மட்டையைக் கிளறினால் ஒரு வாடை வருமே, அதே வாடை.

"போன வருஷம்தானே மனே புதுசா சிலிக்கன் அடிச்சது" என்றார் மாமா. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிலிக்கனை அடித்தவன் நான். குளியலறை ஓடுகளுக்கு அடிக்கிற சாதாரண டியூப்தான். வெளியே பார்த்தால் வெள்ளை வளையம் அப்படியே அழகாக இருந்தது. விரல் நகத்தால் நெம்பியபோது முழு வளையமாகக் கழன்று வந்தது. பைபரில் ஒரு புள்ளிகூட ஒட்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமாவின் படகிலும், பைபர் வேலைக் கொட்டிலுக்கு வந்த வேறு சில படகுகளிலும் ஒவ்வொரு முறையாகச் செய்து பார்த்தேன். எதை எந்தப் படகுக்குப் போடலாம், எதைத் தொடவே கூடாது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. கடைக்குப் போகிற எல்லோரும் "ஓட்டைக்கு என்ன பூசலாம்?" என்றுதான் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: ஓட்டையின் சுவர் எதனால் ஆனது? சுவர் மரமாக இருந்தால், நீங்கள் பூசுகிற எந்தப் பசைக்கும் ஒரு நாள் தோல்வி உண்டு, அந்த நாளில் தண்ணீர் நேரே மரத்தைத் தொடும். சுவர் மரமாக இல்லாமல் செய்துவிட்டால், பசை தோற்றாலும் பலகை தப்பும்.

தண்ணீர் உள்ளே போகிற வழி

நம்முடைய பைபர் படகுகளின் பின்பலகை, அதாவது எஞ்சின் பூட்டுகிற டிரான்சம், பெரும்பாலும் முழுக்கப் பைபர் இல்லை. உள்ளே ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிப்பில் பிளைவுட்டோ பலகையோ இருக்கும். இரண்டு பக்கமும் பைபர் தோல். தோல் நன்றாக இருக்கும்வரை மரத்துக்குக் கவலையில்லை. எஞ்சினுக்காக அந்தத் தோலை நாமே துளைக்கிறோம். பெரிய எஞ்சினுக்கு நான்கு 12 மில்லிமீற்றர் போல்ட், சிறியதற்குப் பெரும்பாலும் இரண்டு 8 மில்லிமீற்றர் போல்ட். துளைத்த இடத்தில் பிளைவுட்டின் வெட்டுமுகம் பூச்சில்லாமல் நிற்கிறது. மரம் தண்ணீரை வேகமாகக் குடிப்பது வெட்டுமுகத்தால்தான்.

போல்ட்டும் சும்மா இருப்பதில்லை. முன்னோக்கி ஓடும்போது எஞ்சினின் கீழ்ப்பகுதி பலகையில் அழுந்தும், மேல்பகுதி பின்னால் இழுபடும். ரிவர்ஸில் போட்டால் மாறிவிடும். முகத்துவாரத்து அலையில் குதிக்கும்போது எல்லாப் பக்கமும் ஆடும். கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவுதான் ஓட்டையைச் சுற்றியுள்ள பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிறது. மரம் நனைந்து மெத்தென்று ஆனால் நட்டு இறுக்கம் விடும், அசைவு கூடும், இன்னும் தண்ணீர் போகும்.

பழுதாவது கடல் தண்ணீரால்தான் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் மரத்தை மக்கவைப்பது பூஞ்சணம். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் போனால்தான் அதற்கு வாழ்வு. உப்பு அதைக் கொஞ்சம் அடக்கும். நல்ல தண்ணீர் அடக்காது. நம் பக்கத்து வருட மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. வாடைக்காற்று நாட்களில் கடலுக்குப் போகாமல் இழுத்துப் போட்ட படகில் மழைத்தண்ணீர் தேங்கி, பின்பலகையின் உள்பக்கத்து நட்டுகளை மூடி நிற்கும். வாவியிலேயே நிற்கிற படகுக்கும் அதே கதைதான், மாரியில் வாவித் தண்ணீரின் உப்பும் குறைந்துவிடும். ஆகவே வெளிப்பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டு உள்பக்கத்தை மறப்பவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

கடற்கரையில் ஏற்றுகிறவர்களுக்கு: போல்ட் வேண்டுமா?

கல்லடி, நாவலடிக் கடற்கரையில் சின்ன எஞ்சின் வைத்திருப்பவர்கள் பலர் தொழில் முடிந்ததும் அதைக் கழற்றித் தோளில் வைத்து வாடிக்கோ வீட்டுக்கோ கொண்டுபோகிறார்கள். 15 குதிரை வலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் 36 கிலோ அளவுதான், இரண்டு பேர் தூக்கலாம். நாளும் கழற்றுகிற எஞ்சினுக்குப் பசை என்ற பேச்சே பொருந்தாது. இன்று பூசினால் நாளை பிரியும்.

இவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, போல்ட் போடாமல் கிளாம்பின் இரண்டு திருகை மட்டும் நம்புவது. ஓட்டையே இல்லை, தண்ணீருக்கு வழியில்லை என்று தோன்றும். அது முழுக்கச் சரியில்லை. கிளாம்பின் வட்டத் தட்டு ஒரே இடத்தில் மாதக்கணக்காக அழுத்தினால் ஜெல்கோட், அதாவது பைபரின் வழுவழுப்பான மேற்பூச்சு, வட்டமாக வெடிக்கும், கீழே உள்ள பைபரும் நொறுங்கும். மயிரிழை வெடிப்பு போதும், மழைத்தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். அதனால் கிளாம்புக்கு அடியில் ஒரு அலுமினியத் தகடோ கெட்டி மரப்பலகையோ வைக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: அந்தத் தகட்டை நான்கு மரத்திருகாணி போட்டு அறைந்துவிடுகிறார்கள். இரண்டு போல்ட் ஓட்டையைத் தவிர்க்கப்போய் நான்கு திருகாணி ஓட்டை. தகட்டைப் பசையால் ஒட்டுங்கள். கழற்றவே தேவையில்லாத இடம் இது ஒன்றுதான், ஆகவே நிரந்தர வகைப் பொலியூரித்தேன் பசைக்குப் பொருத்தமான இடமும் இதுதான். கிளாம்புத் திருகைக் கடலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சினிலிருந்து படகுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டாயம். 25 வலு எஞ்சினை கிளாம்பை மட்டும் நம்பி ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மற்ற வழி, போல்ட்டும் போட்டு நாளும் கழற்றுவது. அப்படியென்றால் கீழே சொல்லப்போகிற எபொக்சிச் சுவர் ஒன்றே காப்பு (எபொக்சி என்பது இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகுகிற ரெசின்). பசை வேண்டாம், போல்ட் தலைக்கு அடியில் ஒரு றப்பர் வாசர் போதும்.

பசைகள்

சீசன் முழுக்க எஞ்சின் படகிலேயே நிற்கிறவர்களுக்கு இனி. கடையில் கிடைக்கிறதும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியதுமாக ஐந்து வகையைப் பார்த்தேன்.

சிலிக்கனைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு தீமை உண்டு, அது நெடுங்காலத் தீமை. சிலிக்கன் பட்ட இடத்தில் அதன் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கிவிடும். அசிற்றோன் போட்டுத் துடைத்தாலும் முழுக்கப் போகாது. அதன் மேல் வேறு பசை ஒட்டாது, பெயின்ற் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது. மாமாவின் படகில் அந்த வெள்ளை வளையம் இருந்த இடத்தை மணல்தாள் போட்டு ஜெல்கோட்டே தேயும்வரை உரைத்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்க முடிந்தது. வினாகிரி மணம் வருகிற வகைச் சிலிக்கன் இறுகும்போது அமிலம் விடும். உலோகத்துக்கும் அது நல்லதில்லை. பின்பலகையில் சிலிக்கன் வேண்டாம். மலிவு என்பதைத் தவிர அதற்கு ஒரு நியாயமும் இல்லை.

பியூட்டைல் நாடா என்று ஒன்று வருகிறது, களிமண் போல மெத்தென்று உருட்டலாம். இறுகவே இறுகாது, பல வருடம் இழுபடும். மேல்தளத்தில் வளையம், கொக்கி பூட்டுவதற்கு அருமையான பொருள். ஆனால் பெற்றோலும் மண்ணெண்ணெயும் பட்டால் கரையும். எஞ்சின் பக்கத்தில் எண்ணெய் சிந்தாத படகு நம் கரையில் எங்கே இருக்கிறது? தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயும் அதை நம்பக்கூடாது. எஞ்சின் பாரத்தில் படகின் பின்பக்கம் தாழும்போது கீழ் போல்ட் இரண்டும் தண்ணீருக்குள்ளோ தண்ணீர் மட்டத்திலோ நிற்கும். விட்டுவிடலாம்.

பொலியூரித்தேன்தான் படகுக்காரர்கள் அதிகம் பேசுவது. இதில் இரண்டு சாதி இருக்கிறது, பிரித்தறியாமல் வாங்கினால் துன்பம். 3எம் 5200 போன்றது நிரந்தரப் பிடி. படகின் அடித்தட்டையும் மேல்தட்டையும் ஒட்டுகிற பலம். வழக்கமான வகை முழுதாக இறுக 5 முதல் 7 நாள் பிடிக்கும். இறுகிவிட்டால், கழற்றும்போது பசை விடாது, ஜெல்கோட்தான் விடும். பக்கத்துக் கொட்டிலில் 40 வலு எஞ்சின் ஒன்றை அப்படிப் பூட்டியிருந்தார்கள். சீசன் நடுவில் கிளாம்ப் பிராக்கெட் உடைந்து எஞ்சினை இறக்க வேண்டி வந்தது. சவர அலகால் அறுத்தார்கள், ஆப்பு அடித்தார்கள், நாள் முழுக்கப் போனது. எஞ்சின் வந்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஜெல்கோட்டும் சேர்ந்து வந்தது. அந்த அண்ணன் தன் படகைத் தடவிக்கொண்டு நின்ற நிற்பு என் கண்ணிலேயே இருக்கிறது. எஞ்சின் என்றைக்காவது கழற்ற வேண்டிய பொருள். கழற்ற வேண்டிய பொருளுக்கு நிரந்தரப் பசை போடக்கூடாது.

நடுத்தரப் பிடி வகை இதற்குப் பொருத்தம்: 3எம் 4200, சிக்காஃபிளெக்ஸ் 291 போன்றவை. நன்றாக ஒட்டும், றப்பர் போல இழுபடும், தேவைப்பட்டால் கத்தியால் அறுத்துப் பிரிக்கலாம். பொலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. மட்டக்களப்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே வேலை சீக்கிரம் முடியும். அதே காரணத்தால் உடைத்த டியூபை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்க முடியாது, கல்லாகிவிடும். அதனால் இரண்டு மூன்று படகுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வேலை வைத்து ஒரு டியூபைப் பங்கு போடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பொலிசல்பைட் எனக்கு மிகவும் பிடித்தது. இது பழைய சரக்கு. விமானங்களின் எரிபொருள் தாங்கிகளை அடைக்கிற பசைகள் இந்தக் குடும்பம்தான்; அதனால் மண்ணெண்ணெய் சிந்தினாலும் கவலையில்லை. மரத்தோடும் பைபரோடும் நன்றாகப் பிடிக்கும், போதுமான இழுபடும் தன்மை உண்டு, கழற்றவும் முடியும். சில பிளாஸ்ற்றிக் வகைகளை மட்டும் அரிக்கும். போல்ட் ஓட்டையில் அந்தப் பிரச்சினை இல்லை. குறை இரண்டு: ஒற்றை டியூபாக வருவது மெதுவாகத்தான் இறுகும், தேடி எடுப்பதும் கஷ்டம். எனக்குக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது. கிடைத்தால் இதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் நடுத்தரப் பொலியூரித்தேன், மன வருத்தமில்லாமல்.

ஐந்தாவது, புதிதாக வருகிற, ஹைபிரிட் எனப்படும் கலப்புப் பசைகள். வெயிலைப் பொலியூரித்தேனைவிட நன்றாகத் தாங்கும், கொஞ்சம் ஈரமான இடத்திலும் ஒட்டும். நான் ஒரு படகில்தான் போட்டிருக்கிறேன், இதுவரை பழுதில்லை.

மர வள்ளக் காலத்தில் கலப்பத்து அடித்தவர்கள், அதாவது பலகை இடுக்குகளை அடைத்தவர்கள், குங்கிலியத்தை வெறுமனே உருக்கி ஊற்றவில்லை, எண்ணெய் சேர்த்துக் காய்ச்சினார்கள். தண்ணீரில் மரம் அசையும், அடைப்பும் அதோடு அசைய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பசை தேர்ந்தெடுக்கும்போது அந்த ஒரு குணத்தைப் பாருங்கள். கல் மாதிரி இறுகுகிறது என்று கடைக்காரர் புகழ்ந்தால், போல்ட்டைச் சுற்றிப் பூச அது உதவாது.

ஓட்டையின் சுவர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன பசைகள் எல்லாம் கதவுதான். சுவர் மரமாகவே இருந்தால் கதவு பழுதாகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். சுவரை மாற்ற மூன்று வழி பார்த்தேன்.

எளிதானது, துளைத்த ஓட்டைக்குள் ரெசின் பூசுவது. சின்னத் தூரிகையாலோ பஞ்சு சுற்றிய குச்சியாலோ தண்ணியான எபொக்சியை இரண்டு மூன்று முறை தேய்ப்பது. ஒன்றும் செய்யாததைவிட நூறு மடங்கு மேல். ஆனால் படலம் மெல்லியது. 12 மில்லிமீற்றர் ஓட்டையில் 12 மில்லிமீற்றர் போல்ட்டைத் தட்டி இறக்கும்போது மரை அந்தப் படலத்தைக் கீறிவிடும்.

இரண்டாவது, குழாய் வைப்பது. ஓட்டையைப் பெரிதாக்கி ஒரு பைபர் குழாயையோ துருப்பிடிக்காத உருக்குக் குழாயையோ எபொக்சியால் ஒட்டி, போல்ட்டை அதற்குள் விடுவது. மிக உறுதியானது. சரியான அளவுக் குழாய் கிடைத்தால் செய்யலாம். எஸ்லோன் குழாயை வெட்டி வைத்த ஒரு படகையும் பார்த்தேன். வழுவழுப்பான பிவிசியில் எபொக்சி சரியாகப் பிடிக்காமல் குழாய் தனியாகச் சுழன்றது.

மூன்றாவதுதான் நான் சொல்வது: பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் முழுக்க அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட்டுக்குத் துளைப்பது. 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 20 மில்லிமீற்றர் ஓட்டை. 8 மில்லிமீற்றருக்கு 16. போல்ட்டைச் சுற்றி 4 மில்லிமீற்றர் தடிப்பில் ரெசின் சுவர் நிற்கும். தண்ணீர் உள்ளே வந்தாலும் அது தொடுவது ரெசினைத்தான். நட்டை இறுக்கும்போது பாரமும் ரெசினில் விழும். மரம் நசுங்காது, இறுக்கம் விடாது.

"எபொக்சி விலை கூட" என்று முதலில் மாமாவும் சொன்னார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 20 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் ஆழம் என்றால் ஓர் ஓட்டைக்கு 14 மில்லிலீற்றர். நான்குக்கும் சேர்த்து 60 மில்லிலீற்றருக்குள். ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் பாதிகூட இல்லை.

பொலியெஸ்டர் ரெசினால் செய்யலாமே, கொட்டிலில் பீப்பாயாகவே இருக்கிறதே என்று கேட்பார்கள். வேண்டாம். பொலியெஸ்டர் இறுகும்போது நன்றாகச் சுருங்கும், ஓட்டைச் சுவரிலிருந்து விலகி மயிரிழை இடைவெளி விடும். மரத்தோடும் அதன் பிடி எபொக்சி அளவுக்கு இல்லை. இங்கே இன்னொரு எச்சரிக்கை, பைபர் வேலை பழகிய கைகளுக்கு. பொலியெஸ்டரில் ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றிப் பழகிவிட்டோம். எபொக்சியில் அப்படிச் செய்யவே கூடாது. டப்பாவில் எந்த விகிதம் போட்டிருக்கிறதோ அதே விகிதம், அளந்து. கூட்டினாலும் குறைத்தாலும் முழுதாக இறுகாமல் றப்பர் போல நின்றுவிடும். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற அரல்டைட் வகையும் இதற்கு உதவாது. தண்ணீரில் தொடர்ந்து நிற்கிற இடத்துக்கு மெதுவாக இறுகும் எபொக்சிதான் தாங்கும்.

செய்யும் விதம் இப்படி. உள்பக்கத்திலிருந்து உள் தோலையும் மரத்தையும் 20 மில்லிமீற்றரில் துளைத்து, வெளித்தோலைத் தொடாமல் நிறுத்துங்கள். பழைய 12 மில்லிமீற்றர் ஓட்டையை வெளியே நல்ல ஒட்டு டேப் போட்டு மூடுங்கள். முதலில் தண்ணியான எபொக்சியைச் சுவரெல்லாம் பூசி, மரம் குடிக்கும்வரை பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மீதியில் சிலிக்காத் தூளைக் கலந்து, வடைக்கு அரைத்த உளுந்து மாப் பதத்துக்குக் கெட்டியாக்குங்கள். பின்பலகை செங்குத்தாக நிற்கிறது, அந்தப் பதம் இல்லாவிட்டால் வழிந்துவிடும். மருந்துக் கடைச் சிரிஞ்சின் ஊசியில்லாத வாயைக் கொஞ்சம் அகலமாக வெட்டி, அதில் நிரப்பி, ஓட்டையின் அடியிலிருந்து வெளியே வந்துகொண்டே அமுக்குங்கள். வாயிலிருந்து திணித்தால் உள்ளே காற்று அடைபடும்.

காலையிலேயே செய்யுங்கள். பத்துப் பாகை வெப்பம் கூடினால் எபொக்சியின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். முதல் முறை நான் பகல் பன்னிரண்டு மணிக்கு, நான்கு ஓட்டைக்கும் சேர்த்து ஒரே கோப்பையில் குழைத்தேன். இரண்டாவது ஓட்டை முடிவதற்குள் கோப்பை கையைச் சுட்டது. மூன்றாவதற்குப் போகும்போது உள்ளே மஞ்சள் கட்டியாகப் புகைந்தது. இரண்டு இரண்டு ஓட்டையாகக் குழைத்தால் பதற்றமில்லை. கையுறை போடாமல் தொட வேண்டாம், தோலில் ஒவ்வாமை ஒரு முறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும்.

ஒரு நாள் முழுக்க இறுகிய பிறகு வெளிப்பக்கத்து ஓட்டையை வழிகாட்டியாக வைத்து 12 மில்லிமீற்றர் துளைக்கலாம். ட்ரில் நுனியில் வருகிற தூளைப் பாருங்கள். வெள்ளையாக மட்டும் வந்தால் வேலை சரி. மரநிறம் கலந்து வந்தால் ட்ரில் சரிந்து மரத்தைத் தொட்டிருக்கிறது. திரும்பப் பூச வேண்டும்.

ஈரமாக இருந்தால்

இவ்வளவும் பலகை காய்ந்திருந்தால்தான். ஈரமான மரத்தை எபொக்சியால் மூடினால் பழுதைப் பூட்டி வைத்ததாகும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் டக்கென்று கேட்கும், மக்கின இடம் தொப்பென்று கேட்கும். எஞ்சின் படகில் இருக்கும்போதே அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, ஒருவர் பலகையைப் பார்த்தால் வளைகிறதா என்பது தெரியும். வளைந்தால் ஓட்டை பற்றிய பேச்சை விடுங்கள், முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிய படகுகளில் ஓடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவற்றின் வயது இருபதைத் தாண்டிவிட்டது.

மாமாவின் படகில் தொப்பென்ற சத்தம் கீழ் ஓட்டை ஒன்றைச் சுற்றி ஒரு கையகலம்தான். உள் தோலை அந்த அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்தோம். மக்கின மரத்தை உளியால் தோண்டினோம். மற்ற மூன்று ஓட்டையையும் திறந்தபடி விட்டு, மேலே தகரம் போட்டு, ஐந்து கிழமை கச்சான் காற்றில் காயவிட்டோம். மாமாவுக்கு அந்த ஐந்து கிழமையும் தொழிலில்லை, அது சின்ன விஷயமில்லை. அதனால்தான் இந்த வேலையை மாரிக்கு முன் அவசரமாக வைக்காதீர்கள் என்கிறேன். சித்திரையிலிருந்து ஆவணிக்குள் ஒரு இடைவெளி பாருங்கள். சீசன் நடுவில் கசிவு கண்டால், நடுத்தரப் பொலியூரித்தேனை மட்டும் பூசி ஓடுங்கள், அதைச் சில மாதத்துக்கான ஒத்திவைப்பு என்று மட்டும் எண்ணுங்கள்.

பூட்டும்போது

போல்ட் துருப்பிடிக்காத உருக்காக இருந்தாலும் அதிலும் தரம் உண்டு. தலையில் ஏ4 என்று அடித்திருந்தால் 316 வகை, கடலுக்கு உகந்தது. ஏ2 என்பது 304. பசைக்கு அடியில் காற்றுப் படாமல் உப்புத் தண்ணீரில் கிடந்தால் அதுவும் அரிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெளி ஓட்டையின் விளிம்பை 45 பாகையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் சரித்து எடுங்கள். பசை அந்தப் பள்ளத்தில் வளையமாகத் தங்கும், எவ்வளவு இறுக்கினாலும் எல்லாம் பிதுங்கிப் போகாது. பசையைப் போல்ட்டின் தண்டிலும் தலைக்கு அடியிலும் பூசுங்கள். மரையில் வேண்டாம், அங்கே கொஞ்சம் கிரீஸ். துருப்பிடிக்காத உருக்கு நட்டுகள் கிரீஸ் இல்லாமல் இறுக்கினால் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். போல்ட் தலையை அசையாமல் பிடித்து, நட்டை மட்டும் சுற்றுங்கள். தலையைச் சுற்றினால் பசை வளையம் முறுகிக் கிழியும். உள்ளே பெரிய வாசரோ, அதைவிட நல்லது இரண்டு நட்டுக்கும் பொதுவான ஒரு தகடோ.

பாதி இறுக்கி, பசை காய்ந்த பிறகு மீதியை இறுக்கு என்று சிலர் சொல்வார்கள். மேல்தளத்துக் கொக்கிக்கு அது சரி. எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் தடித்த றப்பர் இருப்பதை நான் விரும்பவில்லை, எஞ்சின் ஆடும். ஒரே தடவையில் முழுக்க இறுக்கிவிடுகிறேன். சரித்து எடுத்த பள்ளம் இருப்பதால் பசைக்கு இடம் உண்டு. முதல் நான்கைந்து பயணத்துக்குப் பிறகு ஒரு முறை நட்டைச் சோதியுங்கள்.

உள்பக்கம் பூசுவதா விடுவதா என்பதில் கொட்டிலில் இன்னும் வாக்குவாதம் உண்டு. என் முடிவு இது: சுவர் மரமாக இருந்தால் இரண்டு பக்கமும் பூசித்தான் ஆக வேண்டும், மழைத்தண்ணீர் உள்ளிருந்து போகும். சுவர் எபொக்சியாக இருந்தால் உள்பக்கத்தைப் பூசாமல் விடுங்கள். வெளிப் பசை தோற்ற அன்றைக்கு நட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு தெரியும். அந்தச் சொட்டுத்தான் உங்களுக்கு வருகிற தகவல்.

மாமாவின் படகில் கீழ் இரண்டுக்கும் பொலிசல்பைட், மேல் இரண்டுக்கும் மீதமிருந்த பொலியூரித்தேன். இரண்டு மாரி கடந்தது. போன மாதம் எஞ்சினில் தண்ணீர்ப் பம்ப் மாற்ற வேண்டி இருந்ததால், அதோடு இறக்கிப் பார்த்தோம். மேலே வலப்பக்கத்து வளையம் ஒரு ஓரத்தில் பிரிந்து, தண்டில் உப்புப் படிந்திருந்தது. அதே பழைய வளைத்த கம்பியை ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினேன். கம்பி வழுக்கியது. மாமா அதை என் கையிலிருந்து வாங்கி, நான்கு ஓட்டைக்குள்ளும் தானே விட்டுப் பார்த்துவிட்டு, டியூபை எடுத்துவரச் சொன்னார்.